ஊசி போடத் தெரிந்த பிறகு

கேள்வி: சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் வசிக்கிறேன். மயக்க மருந்தியல் பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறேன். அடுத்து வலி மருத்துவத்துக்குப் போக ஆசை. வலி குறையத் தண்டுவடத்தில் மின்தூண்டல் கருவி வைப்பது பற்றிய இரண்டு நாள் பயிலரங்குக்குப் போய்வந்தேன். கை பழகிவிட்டது போலத் தோன்றுகிறது, ஆனால் குழப்பம் கூடிவிட்டது. ஒரு மூத்த மருத்துவர், "இப்போது வரும் கருவிகள் தாமே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், சீக்கிரம் கற்றுக்கொள்" என்கிறார். இன்னொருவர், "எல்லாம் பிளாசிபோ, வெறும் நம்பிக்கையால் வரும் குணம், ஆய்வுகளைப் படித்துப் பார்" என்கிறார். அடுத்த பயிலரங்கு வெளிநாட்டில். அதற்கு ஒரு கருவி நிறுவனம் டிக்கெட் தருவதாகச் சொல்கிறது. யாரை நம்புவது? அடுத்த இரண்டு வருடத்தை எப்படிப் பயன்படுத்துவது? கடைசியாக ஒரு சொந்தக் கேள்வி. அம்மாவுக்கு 15 வருடமாகச் சர்க்கரை. இரவில் பாதம் எரிகிறது என்கிறார். இந்தக் கருவி அவருக்கு உதவுமா?

பதில்:

அன்புள்ள டாக்டர்,

"கை பழகிவிட்டது போலத் தோன்றுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். பழகித்தான் இருக்கும். பிரசவ அறையில் ராத்திரி மூன்று மணிக்கு, வலியில் நெளியும் பெண்ணின் முதுகில் எபிடியூரல் போட்டுப் பழகியவர் நீங்கள். ஊசிமுனை சவ்வைத் தாண்டியதும் சிரிஞ்சில் தடை சட்டென்று விலகுமே, அந்தக் கணம் உங்கள் விரலுக்குத் தெரியும். லீட், அதாவது முனையிலிருந்து மின்சாரம் தரும் மெல்லிய கம்பி, அதை வைக்கும் 14 கேஜ் ஊசி அதைவிடக் கொஞ்சம் பருமன். இன்னும் சாய்வாக நுழைய வேண்டும். எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே லீடை மேலே ஏற்ற வேண்டும். உங்களைப் போன்றவர்களுக்கு அது வந்துவிடும். எனக்கு வர நாளானது வேறு இரண்டு விஷயம். யாருக்கு வைக்கக்கூடாது என்று தெரிந்துகொள்வது ஒன்று. வைத்த பிறகு வருடக்கணக்கில் அந்த மனிதரோடு கூட இருப்பது இன்னொன்று.

நான் சறுக்கிய கதையைச் சொல்கிறேன். தனியாகக் கருவி வைக்கத் தொடங்கி இரண்டாவது வருடம். வந்தவருக்கு 53 வயது, ரொட்டிக் கடையில் பரோட்டாக் கல்லுக்கு முன்னால் 25 வருடம் நின்றவர். முதுகில் இரண்டு அறுவைச் சிகிச்சை ஆகியும் இடது கால் வலி விடவில்லை. பாடப் புத்தகத்திலிருந்து எழுந்து வந்தவர் மாதிரி எல்லாம் பொருந்தியது. நிரந்தரக் கருவிக்கு முன் சோதித்துப் பார்க்கும் டிரையலுக்கு லீட் வைத்து நான்கு நாள் வார்டிலேயே தங்க வைத்தோம். தினமும் காலையில் போய், "எப்படி இருக்கு அண்ணே?" என்பேன். "எழுபது பர்சன்ட் போயிருச்சு டாக்டர்" என்பார். டிரையலில் வலி பாதிக்குப் பாதி குறைந்தால் நிரந்தரக் கருவி வைக்கலாம் என்பது வழக்கம். வைத்தேன். இரண்டு மாதத்தில் திரும்பி வந்தார், வலி பழையபடி. புரோகிராமை மாற்றிப் பார்த்தோம். எக்ஸ்ரே எடுத்தோம், லீட் நகரவில்லை. பேட்டரியிலும் கோளாறில்லை. 14 மாதம் இப்படியே இழுத்தது. ஒரு நாள் அவரே, "எடுத்துடுங்க டாக்டர், இடுப்புல இது வேற குத்துது" என்றார். எடுத்துவிட்டேன்.

அப்புறம் எங்கள் தாதி ஒருவர் கேட்டார்: "டிரையல் அப்ப அவர் நின்னாரா டாக்டர்?"

நிற்கவில்லை. நான்கு நாளும் கட்டிலில் படுத்து டிவி பார்த்தார். அவருக்கு வலி வருவதே நிற்கும்போதுதான். அந்த எழுபதில் கருவிக்கு எவ்வளவு, மெத்தைக்கு எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்க்கவே இல்லை. போதாததற்கு, மல்லாந்து படுத்தால் தண்டுவடம் பின்பக்கம் தாழ்ந்து லீடுக்கு நெருங்கிவிடும், எழுந்து நின்றால் விலகிவிடும். சில மில்லிமீட்டர்தான், ஆனால் நடுவில் இருக்கும் தண்டுவட நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்திச் சிதறடிப்பதால் அந்தச் சிறு இடைவெளியே பெரிய வித்தியாசம். படுத்திருந்தபோது நன்றாகப் போய்ச் சேர்ந்த மின்சாரம், அவர் கல்லுக்கு முன்னால் நின்றபோது போய்ச் சேரவில்லை.

அன்றிலிருந்து என் டிரையல் நோயாளிகள் ஒரு வாரத்துக்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள். குனிவதும் கனமான பொருளைத் தூக்குவதும் கூடாது. மற்றபடி அவரவர் வேலையைச் செய்து பார்க்க வேண்டும். வலிக்குப் பத்தில் எத்தனை மதிப்பெண் என்று இப்போது கடைசியில்தான் கேட்கிறேன். (பத்துக்கு எத்தனை என்று கேட்டால் "பதினஞ்சு" என்று சொல்லும் பாட்டிகள் நம்மிடம் நிறையப் பேர்.) முதலில், "என்ன செய்ய முடியணும் உங்களுக்கு?" என்று கேட்டு, பதிலை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிவைத்துக்கொள்கிறேன். ஒரு அம்மா, "தேக்காவுல காய் வாங்கிட்டு ரெண்டு பையோட பஸ் ஏறணும், நடுவுல உட்காரக் கூடாது" என்றார். டிரையல் வாரத்தில் அவரைக் கையை வீசிக்கொண்டு தேக்காவரை போய், உட்காராமல் பஸ் ஏறி வரச் சொன்னேன். போய்வந்தார். வைத்தோம்.

இப்போது உங்கள் இரண்டு மூத்தவர்களுக்கு வருகிறேன். ஆளுக்குப் பாதி சரி.

முதலாமவர் சொல்வது தானே சரிசெய்துகொள்ளும் கருவிகளை. பழைய கருவி மின்விசிறி ரெகுலேட்டர் மாதிரி. மூன்றில் வைத்தால் மூன்றிலேயே ஓடும், அறை குளிர்ந்தாலும் சரி, வெந்தாலும் சரி. இருமினால், தும்மினால் தண்டுவடம் லீடுக்குப் பக்கத்தில் வந்து, காலில் சுரீரென்று ஒரு அடி விழும். அதற்குப் பயந்து மின்சாரத்தைக் குறைத்துவைத்துக்கொண்டு, வலியோடேயே இருக்கும் நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். புதியது ஏர்கான் தெர்மோஸ்டாட் மாதிரி. ஒவ்வொரு துடிப்புக்கும் தண்டுவட நரம்பிழைகள் எவ்வளவு பதில் கொடுக்கின்றன என்று அளந்து, அடுத்த துடிப்பைக் கூட்டும், குறைக்கும். 134 பேரை வைத்து நடந்த இவோக் ஆய்வு 2020ல் லான்செட் நியூராலஜியில் வந்தது. நோயாளிக்கும் தெரியாமல், மதிப்பிடுபவருக்கும் தெரியாமல் நடத்தினார்கள். மூன்று மாதத்தில் வலி பாதிக்கு மேல் குறைந்தவர்கள் தெர்மோஸ்டாட் குழுவில் சுமார் 82 சதவீதம், ரெகுலேட்டர் குழுவில் சுமார் 60 சதவீதம். நல்ல முன்னேற்றம்தான். என் பரோட்டாக்கார அண்ணனுக்கு அன்று இது இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்ததுண்டு. ஆனால் இரண்டு குழுவுக்கும் உடம்பில் கருவி ஓடியது, ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அதைத் தயாரித்த நிறுவனம். இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இரண்டாமவருக்கும் பிடிமானம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1965ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வலியின் வாசற்கதவுக் கோட்பாட்டைச் சொன்னார்கள். இடித்துக்கொண்ட முழங்காலைத் தேய்த்தால் வலி தணிகிறதே, அந்தத் தொடுகைச் செய்தி தண்டுவடத்தில் வலிச் செய்திக்குக் கதவைச் சாத்துகிறது என்று. இரண்டே வருடத்தில், 1967ல், நார்மன் ஷீலி என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் புற்றுநோய் வலியில் தவித்த ஒருவரின் தண்டுவடத்தின் மேல் மின்முனையை வைத்துப் பார்த்தார். அதற்குப் பின் பல பத்தாண்டுகள் இந்தச் சிகிச்சை என்றால் வலிக்கிற இடத்தில் 'ஜிவ்'வென்று ஊற வேண்டும். ஊறினால்தான் வேலை செய்கிறது. நோயாளிக்கே ஊறுவது தெரியும்போது போலிக் கருவியோடு ஒப்பிடுவது எப்படி? 2007ல் வந்த புராசஸ் ஆய்வில், முதுகு அறுவைக்குப் பிறகும் கால் வலி விடாத 100 பேரில், ஆறு மாதத்தில் கால் வலி பாதிக்கு மேல் குறைந்தவர்கள் கருவி வைத்தவர்களில் 48 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 9 சதவீதம். பெரிய வித்தியாசம். ஆனால் யாருக்குக் கருவி இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும்.

அப்புறம் ஊறாத கருவிகள் வந்தன. நொடிக்கு 10,000 துடிப்புள்ள கருவிக்கு அமெரிக்காவில் 2015ல் அனுமதி கிடைத்தது. கொத்துக் கொத்தாகத் துடிக்கும் பர்ஸ்ட் முறை வந்தது. ஊறாததால் அணைத்து வைத்தாலும் நோயாளிக்குத் தெரியாது, ஆகவே பிளாசிபோவோடு ஒழுங்காக ஒப்பிட முடிந்தது. (ஊறாமலே வலி குறைகிறது என்றால் வாசற்கதவுக் கதை மட்டும் போதாது. எப்படிக் குறைகிறது என்பதில் இன்றும் சண்டை.) 2022ல் நார்வேயில் 50 பேரிடம் பர்ஸ்ட் முறையை அப்படிச் சோதித்தார்கள். அன்றாட இயக்கத் திறனில், கருவி ஓடிய மாதங்களுக்கும் ஓடாத மாதங்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை. இத்தனைக்கும் எல்லாரும் பழைய முறை டிரையலில் தேறியவர்கள். அவர்கள் வைத்த மின்துடிப்பின் அளவு நடைமுறையில் வைக்கும் அளவு இல்லை என்று பதிலுக்கு விமர்சனம் வந்தது. அதுவும் நியாயமான விமர்சனம்தான். 2023ல், பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் மதிப்பாய்வு, நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு இதை ஆய்வுகளுக்கு வெளியே பயன்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்றது. அதே வருடம் அமெரிக்கக் காப்பீட்டுப் பதிவுகளை வைத்து ஒரு கணக்கு வந்தது: இரண்டு வருடத்துக்குள் 18 சதவீதத்தினருக்கு ஏதாவது சிக்கல், 22 சதவீதத்தினருக்குக் கருவியைத் திருத்தவோ எடுக்கவோ வேண்டியிருந்தது.

இந்தக் கடைசி எண்ணை நான் ஒவ்வொரு நோயாளியிடமும் சொல்கிறேன். "அஞ்சு பேருக்கு வச்சா, ரெண்டு வருஷத்துல ஒருத்தருக்காவது திரும்ப ஆபரேஷன் அறைக்கு வர வேண்டியிருக்கும். அந்த ஒருத்தர் நீங்களா இருந்தா பரவாயில்லையா?" சிலர் யோசித்துச் சொல்கிறேன் என்று போவார்கள், அதோடு வரமாட்டார்கள். எனக்கு வருத்தமில்லை. மற்ற எல்லாம் செய்து பார்த்தும் கால் நரம்பு வலி விடாதவர்களில், கவனமாகப் பொறுக்கி எடுத்த சிலருக்கு இது வாழ்க்கையைத் திருப்பித் தருவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முதுகு வலி என்று வருகிற எல்லாருக்கும் வைத்தால் இரண்டாமவர் சொல்வதுதான் நடக்கும்.

பொறுக்கி எடுப்பது எப்படி? ஸ்கேன், பரிசோதனை எல்லாம் நீங்கள் படித்துக்கொள்வீர்கள். புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். சிங்கப்பூரில் தமிழ் தெரிந்த வலி மருத்துவராக இருப்பதில் ஒரு சாதகம் இருக்கிறது.

ஒரு நாள் ஈசூனிலிருந்து ஒரு பாட்டியும் மகளும் வந்தார்கள். மகள் படபடவென்று ஆங்கிலத்தில் பேசினார். பாட்டி நடுவில் மெதுவாக, "ராத்திரி போர்வை பட்டாக்கூடத் தாங்கலம்மா, எரியுது, எறும்பு ஊருது" என்றார். மகள் என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னது இரண்டே வார்த்தை: கால் வலி. முந்தைய மருத்துவரின் குறிப்பிலும் அதேதான். மூட்டு வலி என்று நினைத்து எட்டு மாதம் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். போர்வை பட்டால் தாங்கவில்லை என்பது நரம்பு வலியின் முக்கியமான அடையாளம். அது அந்த மொழிபெயர்ப்பில் காணாமல் போய்விட்டது.

நரம்பு வலியைக் கண்டுபிடிக்க நாம் பயன்படுத்தும் டிஎன்4 கேள்வித்தாளில் பத்துக்கு நான்கு வந்தால் சந்தேகப்பட வேண்டும். அதில் கேட்பதெல்லாம் எரிச்சல், சில்லென்ற வலி, கரண்ட் அடிப்பது, ஊசி குத்துவது, மரத்துப்போவது, அரிப்பு. நம் ஆட்கள் இவற்றைக் கேட்காமலே சொல்வார்கள். எரியுது, சுருக்குங்குது, மதமதன்னு இருக்கு, விண்விண்ணுன்னு தெறிக்குது. மலாய் கலந்து பேசும் பெரியவர், "பாதம் கெபாஸா இருக்கு" என்பார், மரத்துப்போயிருக்கிறது என்று. குடைச்சலும் உளைச்சலும் பெரும்பாலும் எலும்பு, மூட்டுப் பக்கம். கடுப்பு என்றால் உழைத்த தசை. பிடிப்பு வேறு, இழுப்பு வேறு. இது துல்லியமான அறிவியல் என்று சொல்லவில்லை, ஊருக்கு ஊர் மாறும். ஆனால் எரிச்சலுக்கு மின்தூண்டலை யோசிக்கலாம். வெறும் குடைச்சலுக்கு அவசரப்படாதீர்கள். பிள்ளைகளை மொழிபெயர்க்கவிடாமல் ஐந்து நிமிடம் பெரியவரையே பேசவிடுங்கள். அந்த ஐந்து நிமிடத்துக்கு எந்தப் பயிலரங்கிலும் சான்றிதழ் தரமாட்டார்கள்.

கருவிக்கு முன் மனநல நிபுணரைப் பார்க்க அனுப்புவது எங்கும் வழக்கம். நம்மவர்களிடம் அதைச் சொன்னதும், "எனக்குப் பைத்தியமா டாக்டர்?" என்று முகம் சுருங்கும். "வலி உங்க தூக்கத்தைக் கெடுத்திருக்கு, மனசையும் களைப்பாக்கியிருக்கு, அதையும் ஒருத்தர் பார்க்கணும்ல?" என்று கேட்டால் பெரும்பாலும் போவார்கள். கண்டுகொள்ளாமல் விட்ட மனச்சோர்வோடு வைத்த கருவி நெடுநாள் நிற்பதில்லை.

பயிலரங்கில் பெரும்பாலும் தொடாமல் விடும் பகுதி, வைத்ததற்கு அப்புறம் வருவது. பேட்டரிக்கு எந்த இடத்தில் பை வெட்டுவது என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளி கவிழ்ந்து படுத்த பிறகு, கிருமி நீக்கிய துணி போட்ட பிறகு முடிவு செய்தால் தப்பு. முந்தின நாளே, அவர் வீட்டில் உடுத்தும் உடையோடு நிற்க வைத்து, உட்கார வைத்து, பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். அம்மாக்களுக்குப் பாவாடை நாடா எங்கே இறுகுகிறது என்று பாருங்கள். ஐயாக்களுக்குக் கைலி முடிச்சு எங்கே வருகிறது, எந்தப் பக்கம் படுத்துத் தூங்குகிறார், எந்தப் பின் பாக்கெட்டில் பர்ஸ் வைப்பார் என்று கேளுங்கள். நாடா உராயும் இடத்தில் பேட்டரி இருந்தால் ஆறு மாதத்தில் அந்த அம்மா கருவியைச் சபிப்பார், வலி குறைந்திருந்தாலும் சபிப்பார்.

புரோகிராமிங்கை நிறுவன ஊழியரிடம் விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அவர்கள் திறமைசாலிகள், நானே அவர்களிடம் நிறையக் கற்றிருக்கிறேன். ஆனால் நோயாளிக்குப் பொறுப்பு நீங்கள். குறைந்தது முப்பது தடவையாவது முழு நேரமும் பக்கத்தில் உட்காருங்கள். எந்த மின்முனையை நேர், எதை எதிர் ஆக்கினால் ஊறல் இடுப்பிலிருந்து பாதத்துக்கு இறங்குகிறது, துடிப்பின் அகலத்தைக் கூட்டினால் எப்படிப் பரவுகிறது என்று கேட்டுக் கேட்டுப் பழகுங்கள். போன வருடம் ஒரு ஐயா, "கால்ல வர்ற கரண்ட் இப்ப விலாவுல வருது, சாப்பிடும்போது குறுகுறுங்குது" என்று வந்தார். நெஞ்சு வலி என்று பயந்து முதலில் அவசரப் பிரிவுக்குப் போயிருக்கிறார். மின்தடையை அளந்துவிட்டு, பழைய எக்ஸ்ரேயையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். லீட் மேலேறி ஓரம் சாய்ந்திருந்தது. வைத்த அன்றே இரண்டு கோணத்தில் எக்ஸ்ரே எடுத்துக் கோப்பில் வைக்கும் பழக்கம் இல்லாவிட்டால் இதைச் சொல்ல முடிந்திருக்காது.

இவரேதான் கருவி வைப்பதற்கு முன், "தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கலாமா?" என்று கேட்டவர். புண் ஆறி, லீட் நிலைத்த பிறகு பால்குடம் எடுத்துக்கொண்டு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடுவரை நடக்கலாம், அலகு மட்டும் வேண்டாம் என்றேன். தோலைத் துளைத்தால் கிருமி ரத்தத்தில் ஏறிக் கருவியில் போய் உட்காரும் ஆபத்து உண்டு. கருவியில் கிருமி உட்கார்ந்தால் பெரும்பாலும் முழுதாக எடுத்துவிடுவதுதான் வழி. முருகனிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்றார்.

சரி, இரண்டு வருடத் திட்டம். முதல் வருடம் கருவியை மறந்துவிடுங்கள். வலி மருத்துவத்தை முழுசாகப் படியுங்கள். இயன்முறை சிகிச்சையாளரோடு ஒரு மாதம், மனநல நிபுணரோடு ஒரு மாதம், நோய்த்தணிப்பு மருத்துவத்தில் ஒரு மாதம். அதற்குள் சிங்கப்பூர் வலிச் சங்கத்தின் கூட்டங்களுக்குப் போய்வாருங்கள். மற்ற மருத்துவமனைகளில் யார் என்ன செய்கிறார்கள் என்பது அங்கே டீ குடிக்கும்போதுதான் தெரியும். இரண்டாவது வருடம் வெளிநாட்டு ஃபெலோஷிப். மேற்பயிற்சிக்குச் சுகாதார அமைச்சு தரும் எச்எம்டிபி நிதிக்கு உங்கள் துறைத் தலைவரிடம் இப்போதே பேச்சை எடுங்கள், கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்காது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, வருடத்துக்கு எத்தனை கருவி வைக்கிறீர்கள் என்று எல்லாரும் கேட்பார்கள். நீங்கள், எத்தனை எடுத்தீர்கள், எத்தனை பேரை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்துக்குப் போகாதீர்கள். ஊசிவழி வலிச் சிகிச்சைக்கான, உலக வலிக் கழகத்தின் எஃப்ஐபிபி தேர்வு எழுதலாமா என்றால், எழுதுங்கள். செய்முறையிலும் சோதிப்பார்கள், அதற்குத் தயாராவதே நல்ல பயிற்சி. பெயருக்குப் பின்னால் எழுத்துகளைச் சேர்ப்பதற்காக மட்டும் வேண்டாம். சர்வதேச நியூரோமாடுலேஷன் (நரம்புத் தூண்டல்) சங்கத்தின் நிபுணர் குழு வெளியிடும் வழிகாட்டிகளில், கிருமித் தொற்று பற்றியதையும் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்துகள் பற்றியதையும் முதலில் படியுங்கள். லீட் வைக்கும் நுட்பத்தை அப்புறம் படிக்கலாம்.

மருத்துவ மன்றத்துக்கான தொடர்கல்விப் புள்ளிகளை ஃபேர்பிரைஸ் பேரங்காடிப் புள்ளி மாதிரி சேர்ப்பவர்களையும் பார்ப்பீர்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு மணி நேர உரை, ஒரு புள்ளி. அதையும் செய்யத்தான் வேண்டும், உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமே. ஆனால் உங்களுக்கென்று ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளுங்கள். வைத்த கருவி ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: நோயாளி சொன்ன இலக்கு என்ன, ஒரு வருடம் கழித்து அது நடந்ததா, கருவி இன்னும் ஓடுகிறதா. என் பதிவேட்டில் முதல் பக்கத்தில் பரோட்டா அண்ணன் இருக்கிறார்.

அந்த டிக்கெட். பயிலரங்குக்குப் போங்கள், சடலத்தில் ஊசி பழக நல்ல வாய்ப்பு. ஆனால் பயணச் செலவை உங்கள் துறையிடம் கேளுங்கள், இல்லாவிட்டால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நிறுவனம் கொடுத்தாலும் நேராக உங்கள் கைக்கு வராமல் மருத்துவமனை வழியாக, விதிப்படி, எழுத்தில் வரட்டும். நான் இளம் வயதில் ஒரு டிக்கெட்டை வாங்கிக்கொண்டேன். யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை, நிர்ப்பந்திக்கவில்லை. ஆனால் திரும்பி வந்த அடுத்த ஆறு மாதம் நான் வைத்ததெல்லாம் அந்த நிறுவனத்தின் கருவிதான். அதைப் பதிவேட்டைப் புரட்டிய பிறகுதான் கவனித்தேன்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. கருவியின் விலையே பல்லாயிரம் வெள்ளி. மெடிசேவ் மருத்துவச் சேமிப்பு எவ்வளவு தாங்கும், காப்புறுதி எவ்வளவு தாங்கும் என்பதை டிரையலுக்கு முன்னால் பேசிவிடுங்கள். டிரையலில் வலி குறைந்த சந்தோஷத்தில் இருக்கும் குடும்பத்திடம் அப்புறமாகப் பில்லைக் காட்டுவது கொடுமை.

இனி உங்கள் அம்மா. நாள்பட்ட சர்க்கரை நரம்பு வலிக்கு 10,000 துடிப்புக் கருவியை அமெரிக்காவில் 2021ல் அனுமதித்தார்கள். அதற்கு அடிப்படையான ஆய்வில் 216 பேர். மூன்று மாதத்தில் கருவிக் குழுவில் 79 சதவீதத்தினருக்கு வலி பாதிக்கு மேல் குறைந்தது, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதத்தினருக்கு. ஆனால் யாருக்குக் கருவி என்பது அதிலும் எல்லாருக்கும் தெரியும். சேர்ந்தவர்கள் ஒரு வருடத்துக்கு மேல் வலியோடு இருந்து, மருந்துகள் பலிக்காதவர்கள். உங்கள் அம்மா எந்த மருந்தை எவ்வளவு நாள் எடுத்தார் என்று நீங்கள் எழுதவே இல்லை. ஆகவே கருவி இப்போதைக்கு வேண்டாம். மூன்று மாதச் சராசரி சர்க்கரை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிடுகிறாரா? அப்படியானால் வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள், அவர் சைவம் என்றால் கட்டாயம். அது குறைந்தாலும் பாதம் இப்படித்தான் எரியும், அதைச் சரிசெய்வது சுலபம். டுலாக்ஸெட்டின், பிரிகாபலின் போன்றவற்றைப் போதிய அளவில், போதிய வாரங்கள் கொடுத்துப் பார்த்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். மருந்துச் சீட்டை நீங்கள் எழுதாதீர்கள். பலதுறை மருந்தகத்துக்கு அவரோடு போய்ச் சும்மா பக்கத்தில் உட்காருங்கள்.

பாத எரிச்சல் இருப்பவருக்குப் பல நேரம் பாதத்தில் உணர்ச்சியும் குறைந்திருக்கும். வெள்ளிக்கிழமை மதியம் கோயிலுக்குப் போகிறவர் என்றால், வெளிப் பிரகாரக் கல் எவ்வளவு சுடும் என்று உங்களுக்கே தெரியும், அவருக்குத் தெரியாமல் போகலாம். தடித்த காலுறை ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள். இரவு படுக்கும் முன் இரண்டு பாதத்தின் அடிப்பக்கத்தையும் நீங்களோ அவரோ ஒரு கண்ணாடி வைத்துப் பாருங்கள், கொப்புளம் இருக்கிறதா என்று.